வட்ஸ்அப்பில் எழுதுற பழக்கம் பிள்ளையின்ர கட்டுரையைக் கெடுக்குதோ? (தரம் 10)

இணுவில்_அம்மா

வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறா. நல்லாக் கதைப்பா, வாசிக்கவும் பிரச்சினையில்லை. தமிழ்க் கட்டுரைக் கொப்பியைத் திறந்தால்தான் பயமாக் கிடக்கு. கடைசியா எழுதினதில இருந்து ஒரு பந்தியை எழுத்துப் பிசகாமல் அப்படியே போடுறன்:

"எமது கிராமத்தில் முன்பு நிறைய குளங்கள் இருந்தது எண்டு அம்மம்மா சொல்லுவா. இப்ப அதை மூடி வீடு கட்டினம். மழை பெய்தால் வெல்லம் நிக்குது. அதற்க்கு காரணம் நாங்கள் தான். முயற்ச்சி செய்தால் மாற்றலாம்"

கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி இல்லை. நான் விட்டுவிடேல்லை, அவதான் வைக்கேல்லை.

வகுப்புக் குழுவிலயும் சரி, கனடாவில இருக்கிற மச்சாள்மாரோடயும் சரி, ஆங்கில எழுத்திலதான் தமிழ் அடிக்கிறா. தெரிஞ்சவையிட்ட மூண்டு விசயம் கேக்கிறன். இதுக்கெல்லாம் போன்தான் காரணமோ? போனை வாங்கி வைச்சால் சரிவருமோ? இல்லையெண்டால் சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் வீட்டில வைச்சு என்ன செய்யலாம்? தமிழுக்கெண்டு இன்னொரு ரியூசனுக்கு அனுப்ப நேரமில்லை.

வடமராட்சி_ஆசிரியர்

வணக்கம் தங்கச்சி. பந்தியை அப்படியே போட்டது நல்ல காரியம். "தமிழ் மோசம்" என்று மட்டும் சொன்னால் யாராலும் வழி சொல்ல முடியாது. இதில் ஏறத்தாழ 13 பிழைகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே நோயல்ல, ஐந்து வகை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது பேச்சு வடிவம். எண்டு, சொல்லுவா, இப்ப, கட்டினம், நிக்குது என ஐந்து இடங்கள். மொத்தப் பிழையில் பெரிய பங்கு இதுதான். இதற்கும் எழுத்தறிவுக் குறைவுக்கும் தொடர்பில்லை. பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சைக் காதால் கேட்டபடி சரியாகவே எழுதியிருக்கிறாள். எழுத்து வழக்குக்கு மாறுகிற பழக்கம்தான் இல்லை.

இரண்டாவது எழுத்து மயக்கம்: வெள்ளம் "வெல்லம்" ஆகியிருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒரே ஒலியாகிவிட்டன. அதனால் "பளம்", "வாளைப்பளம்" என்று எழுதுகிற பிள்ளை காதால் கேட்டு எழுதுகிற பிள்ளை. அந்தப் பிழை போன் வர முன்னமே கொப்பிகளில் இருந்தது. லகரத்தையும் ளகரத்தையும் நாங்கள் பேச்சில் பிரித்துத்தான் சொல்கிறோம். சர்க்கரை வகை வெல்லத்தையும் மழை வெள்ளத்தையும் இங்கே எவரும் ஒரே மாதிரி உச்சரிப்பதில்லை. ஆகவே ல-ள மாறுவது காதால் வந்த பிழையல்ல. மனம்-மணம் மாறுவதும் அப்படித்தான். இந்த இரண்டும் கொப்பியில் அடிக்கடி தென்பட்டால் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதன் மேல் சந்தேகப்படலாம்.

மூன்றாவது "அதற்க்கு", "முயற்ச்சி". ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் வந்து நிற்காது. அதற்கு, முயற்சி, பயிற்சி, கற்க, கட்சி. இந்த ஒரு விதி தெரிந்தால் இவ்வகைப் பிழை முழுவதும் போய்விடும். ஒரு நாள் வேலை.

நான்காவது ஒற்று. "நிறையக் குளங்கள்", "அதற்குக் காரணம்" என்று வரவேண்டும். உங்கள் மகள் "அதற்க்கு காரணம்" என்று எழுதியதைப் பாருங்கள். ஒரு ககர ஒற்று வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதை வைத்த இடம்தான் பிழை. இப்படியான பிள்ளையைத் திருத்துவது இலகு.

ஐந்தாவது ஒருமை பன்மை: குளங்கள் இருந்தன, அவற்றை மூடி. இது போனுக்குச் சம்பந்தமில்லாத பழைய பிழை. பேச்சில் அஃறிணைப் பன்மை வினை இல்லாததால் வருகிறது.

முதல் வேலையாக, அவளுடைய கடைசி மூன்று கட்டுரைகளையும் எடுத்து இந்த ஐந்து தலைப்பின் கீழ் பிழைகளை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம், அவளே எண்ணட்டும். எந்த வகை கூட என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததைப் பற்றிக் கதைக்கலாம்.

விசைப்பலகை

ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டாவது வகையை மட்டும் எடுக்கிறேன், அது என் துறை.

ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிற வழக்கத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. பழைய எஸ்எம்எஸ் முறைதான் எல்லோரையும் அதற்குள் தள்ளியது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தென்றால் 160 கொள்ளும். தமிழ் யூனிகோட் என்றால் 70 இடம்தான். அந்த 70 இடத்தில் 70 தமிழ் எழுத்தும் கொள்ளாது. "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்பதை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கு 12 எழுத்து. ஆனால் எழுத்தோடு சேருகிற குறிகளான குற்றும் அரவும் விசிறியும் தனித்தனி இடம் பிடிப்பதால், இரண்டு இடைவெளியையும் சேர்த்து 26 இடம் போகும். இப்படி மூன்று வசனம் எழுதினால் 78 ஆகி, இரண்டு மெசேஜுக்குக் காசு போகும். அத்தோடு அந்தக் காலத்துப் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை, போய்ச் சேரும்போது பெட்டி பெட்டியாகத் தெரியும். வட்ஸ்அப்பில் இந்தத் தடை எதுவும் இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. வெளிநாட்டில் பிறந்த மச்சான் மச்சாள்மாருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாததும் யாழ்ப்பாணத்தில் இதை உயிரோடு வைத்திருக்கிற பெரிய காரணம்.

இதில் கெடுவது எதுவென்றால்: வி, ஈ, எல், எல், ஏ, எம் என்று ஆறு தட்டுத் தட்டினால் அது வெள்ளமும்தான், வெல்லமும்தான். எல் ஒன்றே ல, ள, ழ மூன்றுக்கும் வேலை செய்கிறது. என் ஒன்றே ந, ன, ண. ஆர் ஒன்றே ர, ற. குறில் நெடிலையும் பிள்ளைகள் பிரித்து அடிப்பதில்லை. எரி, ஏரி, எறி, ஏறி நான்கும் போனில் ஒன்றுதான். வாசிக்கிறவர் இடம் பார்த்து விளங்கிக்கொள்வதால் பிழை என்று ஒன்று அங்கே தோன்றுவதே இல்லை. ஒரு நாளைக்கு நூறு சொல் அடிக்கிற பிள்ளை நூறு தடவையும் "எந்த ல?" என்று யோசிக்காமலே எழுதி முடிக்கிறது. நினைவில் இருந்து எடுக்காத எழுத்து மெல்ல மெல்ல மங்கும்.

"அப்ப தமிழாக மாத்தித் தாற கீபோர்ட் போட்டுக் குடுக்கிறன்" என்று பலர் செய்வதுண்டு. அது பாதி மருந்து. ஆங்கிலத்தில் அடிக்க, மேலே மூன்று சொல் வரும், பிள்ளை முதலாவதைத் தட்டும். கண்ணால் தெரிவு செய்வது வேறு, கையால் எழுதுவது வேறு. பரீட்சை மண்டபத்தில் மூன்று சொல்லைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்ல ஆளில்லை. இன்னொன்று, வெல்லமும் சரியான சொல் என்பதால் சொல்லை மட்டும் பார்க்கிற பிழைதிருத்தி அதற்குக் கீழே சிவப்புக் கோடு போடாது.

செய்ய வேண்டியது: கூகிளின் ஜிபோர்ட் கீபோர்ட் என்றால் செட்டிங்ஸில் லாங்குவேஜஸ், அட் கீபோர்ட், தமிழ். அங்கே காட்டுகிற வகைகளில் ஆங்கில எழுத்தில் இருந்து மாற்றுவதை விட்டுவிட்டு, தமிழ் எழுத்துகள் நேரடியாக உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு டெக்ஸ்ட் கரெக்ஷனுக்குப் போய்ச் சொல் பரிந்துரைக்கிற பட்டியை நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். செல்லினம் செயலியும் நல்லது, அதில் தமிழ்99 அமைப்பு இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ந, ன, ண மூன்றுக்கும் மூன்று விசை. எதை அழுத்துவது என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த முடிவுதான்.

எங்கே பிசகும் என்றும் சொல்கிறேன். முதல் இரண்டு கிழமையும் வேகம் விழும். வகுப்புக் குழுவில் ஒரு வரி அடித்து முடிக்கமுன் மற்றவர்கள் பத்து வரி போட்டிருப்பார்கள். பிள்ளை எரிச்சல்பட்டுப் பழையதுக்கே போய்விடும். அதனால் எல்லாருக்கும் தமிழில் அனுப்பச் சொல்லாதீர்கள். உங்களுக்கும் அம்மம்மாவுக்கும் மட்டும் தமிழ் எழுத்து. குழுவில் அவள் விரும்பியபடி எழுதட்டும்.

பெடியளின்_அப்பா

நான் வேற மாதிரிச் சொல்லுறன். சாதாரண தரம் முடியும் மட்டும் போனை வாங்கி வையுங்கோ அக்கா. எழுத்துப் பிழையை விடுங்கோ, நேரத்தைப் பாருங்கோ. ராத்திரி 9 மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் போனில போனால் அது வாசிக்கிற நேரமும் நித்திரை கொள்ளுற நேரமும்தான். கதைப் புத்தகம் ஒண்டு கையில எடுக்காத பிள்ளைக்கு எந்தக் கீபோர்ட் போட்டும் என்ன?

ஏட்டுச்சுவடி

நேரத்தைப் பற்றிச் சொன்னது சரி அண்ணை. இரவு 9 மணிக்குப் போன் கூடத்தில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு எந்த வீட்டுக்கும் நல்லது. ஆனால் மெசேஜ் எழுதுவதே எழுத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் அவ்வளவு தெளிவான ஆதாரம் இல்லை. அதையும் இங்கே வைக்க வேண்டும்.

2008 இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட ஆய்வில் 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். பாடசாலை எழுத்தில் ஏதாவது ஒரு வகையில் மெசேஜ் நடை கலந்துவிடுகிறது என்று 64 சதவீதமானோர் ஒத்துக்கொண்டார்கள். சுருக்கச் சொற்களைப் பாடசாலை வேலையில் எழுதியதாகச் சொன்னவர்கள் 38 சதவீதம். அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: போனிலும் கணினியிலும் நண்பர்களுக்கு எழுதுவதை "எழுத்து" என்றே கருதவில்லை என்று 60 சதவீதமானோர் சொன்னார்கள். பிள்ளைகளின் மனதில் அது கதைக்கிற வேலை. நம் பிள்ளைகளின் "எண்டு", "கட்டினம்" எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இது நல்ல விளக்கம்.

மறுபக்கம், இங்கிலாந்தின் கொவென்றி பல்கலைக்கழகத்தில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மெசேஜ்ச் சுருக்கங்களைக் கூடுதலாகப் பயன்படுத்திய பிள்ளைகள் சொல் வாசிப்பில் மேலாகவே இருந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் தூரம் அதிகம். எட்டு என்ற இலக்கத்தை ஒலியாகப் பயன்படுத்திச் சொல்லைச் சுருக்குகிற பிள்ளை ஒலியைப் பிரித்துப் பார்க்கப் பழகுகிறது. 2012 இல் பென்சில்வேனியாவில் இடைநிலை வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் வந்தது: மெசேஜ் நடையைக் கூடுதலாகப் பயன்படுத்தியவர்கள் இலக்கணச் சோதனையில் பின்தங்கினார்கள். இரண்டுமே தொடர்பைக் காட்டுகின்றன, எது எதற்குக் காரணம் என்று முடிவாகச் சொல்லவில்லை.

இவை எல்லாம் ஆங்கிலம் எழுதுகிற பிள்ளைகளைப் பற்றியவை என்பதை மறக்கக்கூடாது. அங்கே பிள்ளை மெசேஜிலும் பரீட்சையிலும் ஒரே எழுத்தைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே போனில் ஆங்கில எழுத்து, கொப்பியில் தமிழ் எழுத்து. போனில் பேச்சுத் தமிழ், கொப்பியில் எழுத்துத் தமிழ். ஆங்கிலப் பிள்ளைக்கு ஒரு படி என்றால் எங்கள் பிள்ளைக்கு இரண்டு படி. அதனால் அந்த ஆய்வுகளைக் காட்டி "பயமில்லை" என்றும் சொல்ல முடியாது, "எல்லாம் போச்சு" என்றும் சொல்ல முடியாது. போனைப் பறிப்பதால் ஒரு படிகூடத் தானாக ஏறாது. ஏறப் பழக்க வேண்டும்.

இணுவில்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி மூண்டு கட்டுரையையும் அவவையே எண்ணச் சொன்னன். பேச்சு வடிவம்தான் பாதிக்கு மேல. அடுத்தது ஒற்று. ல-ள, ன-ண மாறினது ஒரு சில இடந்தான். இனி என்ன ஒழுங்கில செய்யிறது? கிழமை நாளில 20 நிமிசம் ஒதுக்கலாம். இன்னொண்டு, வசனமெல்லாம் துண்டு துண்டாக் கிடக்கு. அதுக்கும் ஏதும் வழி சொல்லுங்கோ.

வடமராட்சி_ஆசிரியர்

20 நிமிடம் தாராளம். ஒரு கிழமைக்கு ஒரு வகை மட்டும். மற்றப் பிழைகளைக் கண்டாலும் அந்தக் கிழமை சிவப்புப் பேனை போடாதீர்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்க்காது, கொப்பியை மூடிவிடும்.

பேச்சு வடிவத்தில் தொடங்குங்கள். அவளுடைய சொந்த வட்ஸ்அப் மெசேஜ்தான் பாடப் புத்தகம். மற்றவர்கள் வாசிக்கக்கூடிய ஐந்தாறு வரியை அவளே தெரிந்து எடுத்து, ஒரு தாளில் இடப்பக்கம் அப்படியே எழுதட்டும், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் எழுத்து வழக்கில். சொல்லுக்குச் சொல் மாற்றுவதைவிட விகுதியைப் பார்க்கப் பழக்குங்கள், ஏனென்றால் மாறுவது விகுதிதான்:

வரேல்லை, தெரியேல்லை: வரவில்லை, தெரியவில்லை.
போறன், வாறன்: போகிறேன், வருகிறேன்.
இருக்கினம், கட்டினம்: இருக்கிறார்கள், கட்டுகிறார்கள்.
பிள்ளையள்: பிள்ளைகள்.
என்ர, அவரின்ர: என்னுடைய, அவருடைய.
எடுக்கோணும்: எடுக்கவேண்டும்.

ஏழெட்டு விகுதிக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "எண்டு" என்பதை "என்று" ஆக்கு, "மூண்டு" என்பதை "மூன்று" ஆக்கு என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை ண்டு வருகிற இடமெல்லாம் ன்று போடத் தொடங்கும். "புத்தகத்தைக் கொண்டு வந்தான்" என்பது "கொன்று வந்தான்" ஆகும். ஆகவே இரண்டு பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். பேச்சில் மட்டும் ண்டு, எழுத்தில் ன்று: என்று, ஒன்று, மூன்று, இன்று, அன்று, நின்று, தின்று, கன்று. பன்றியும் இந்தக் கூட்டம்தான். பேச்சிலும் எழுத்திலும் ண்டு: கொண்டு, கண்டு, உண்டு, ஆண்டு, இரண்டு, துண்டு, வண்டு, மீண்டும், வேண்டும் இரண்டும் இதோடு சேரும். படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். இதற்கு விதி தேடுவதைவிடக் கண்ணுக்குப் பழக்குவது விரைவு.

இரண்டாம் கிழமை ஒற்று. வல்லினம் மிகும் இடங்கள் என்று முழு அதிகாரத்தையும் தலையில் ஏற்ற வேண்டாம். முதலில் மூன்று இடம். ஐ வருகிற இடம்: அதைச் செய்தேன், குளத்தைத் தூர்த்தார்கள். கு வருகிற இடம்: வீட்டுக்குப் போனேன், அதற்குக் காரணம். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி: அந்தக் குளம், இப்படிச் செய்தார். இந்த மூன்றும் வசப்பட்டால் கட்டுரையில் விடுபடுகிற ஒற்றில் பெரும்பகுதி வந்துவிடும். பிறகு வினையெச்சம். த்து, ட்டு, ற்று என்று முடிந்தால் மிகும்: எடுத்துக் கொடுத்தான், கேட்டுச் சொன்னான். ந்து, ண்டு, ன்று என்று முடிந்தால் மிகாது: வந்து போனான், கண்டு பேசினான், நின்று பார்த்தான். மிகாத இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளை எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டு "சிலப் பிள்ளைகள்" என்று எழுதும்.

பயிற்சிக்குப் பத்திரிகை போதும். உதயனோ வலம்புரியோ, ஆசிரியர் தலையங்கத்தில் ஒரு பந்தியை நீங்கள் ஒற்றில்லாமல் எழுதிக் கொடுங்கள். அவள் ஒற்றை நிரப்பிவிட்டுப் பத்திரிகையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பத்திரிகையிலும் ஒற்று விடுபட்டிருக்கும். அதை அவளே கண்டுபிடிக்கிற நாள் வந்தால் அந்த வகை முடிந்தது.

துண்டு வசனம் பற்றி. வட்ஸ்அப்பில் என்டர் தட்டுவதுதான் முற்றுப்புள்ளி. ஒவ்வொரு நினைப்பும் ஒரு குமிழி. அடுத்த குமிழியோடு அதை இணைக்கிற சொல் தேவைப்படாது, வாசிக்கிறவர் இணைத்துக்கொள்வார். கட்டுரையில் அந்த வேலையை எழுதுகிறவர்தான் செய்ய வேண்டும். தமிழ் உரைநடையில் முற்றுப்புள்ளி, காற்புள்ளி முதலிய குறிகளை ஊன்றிப் பயன்படுத்தியவர் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை புள்ளி வைக்காமல் எழுதுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

ஒரு உதாரணம் தருகிறேன். ஐந்து குமிழிகள்:

மட்ச் முடிஞ்சுது
சரியான மழை
எல்லாரும் ஓடிச்சினம்
நான் சைக்கிளை விட்டிட்டு வந்திட்டன்
நாளைக்குப் போய் எடுக்கோணும்

இதை இரண்டே வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை: ஒரு செய்தியும் விடுபடக்கூடாது, "மற்றும்" என்ற சொல் வரக்கூடாது. "மற்றும்" கொடுத்தால் ஐந்தையும் அதாலேயே ஒட்டிவிடுவார்கள்.

"ஆட்டம் முடிந்ததும் கடும் மழை பிடித்துக்கொள்ள, எல்லோரும் ஓடினார்கள். நானும் மிதிவண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டதால் நாளைக்குப் போய் எடுக்கவேண்டும்."

முடிந்ததும், பிடித்துக்கொள்ள, விட்டுவிட்டு, வந்துவிட்டதால். தமிழ் வசனம் இப்படி எச்சங்களால்தான் நீளும். இந்த நான்கையும் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைக்குத் துண்டு வசனம் வராது. அதற்காக அரைப் பக்கத்துக்கு ஒரே வசனமாக நீட்டவும் விடாதீர்கள். ஒரு வசனத்தில் எச்சம் மூன்றுக்கு மேல் போனால் எழுவாய் தொலைந்துவிடும், முடிவில் வினை யாருக்குரியது என்று எழுதியவருக்கே தெரியாது.

ல-ள, ன-ண சில இடங்களில்தான் என்றால் அதற்குத் தனிக் கிழமை வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை பத்துச் சொல் சொல்வதெழுதல் வையுங்கள், சோடி சோடியாக: பள்ளி-பல்லி, வலி-வழி-வளி, அரை-அறை, மனம்-மணம். தனிச் சொல்லாகச் சொல்லாமல் வசனத்தில் வைத்துச் சொல்லுங்கள். ந-ன மயக்கத்துக்கு மட்டும் விதி உண்டு. சொல்லின் தொடக்கத்திலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடமெல்லாம் ன. முந்நூறு, செந்நெல் போன்ற கூட்டுச் சொற்கள் விலக்கு.

கொப்பியும்_பேனையும்

எல்லோரும் மெசேஜைப் பற்றியே சொல்கிறீர்கள். வேறு ஒன்றும் இருக்கிறது. 2020 இல் பாடசாலைகள் மூடிய காலத்தில் வகுப்புகள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. பாடக்குறிப்பைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிற வழக்கம் அதோடு ஊன்றிவிட்டது. முன்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளை இப்போது படத்தைச் சேமித்து வைக்கிறது. சந்தேகம் கேட்பதும் குரல் பதிவு, பதில் சொல்வதும் குரல் பதிவு. தட்டச்சுக்கூட இல்லை. உங்கள் மகளின் குழுவைத் திறந்து பாருங்கள், கடைசி 50 பதிவில் எழுத்து எத்தனை, குரல் எத்தனை, படம் எத்தனை என்று. எழுத்துத்தான் மிகக் குறைவாக இருந்தால், மெசேஜ் எழுதுவதால் கெடுகிறது என்று சொல்ல இடமே இல்லை. எழுதாததால்தான் கெடுகிறது.

பார்த்து எழுதுவது மூளையில்லாத வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு சொல்லைப் பலகையில் பார்த்து, மனதில் வைத்து, கொப்பியில் இறக்கும் அந்த இரண்டு விநாடிக்குள் எழுத்துக்கூட்டல் பதிகிறது. படம் எடுத்த குறிப்பை அன்றைக்கே கொப்பியில் எழுத வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வையுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு தடவைதான் படத்தைப் பார்க்கலாம். எழுத்து எழுத்தாகப் பார்த்து இறக்கினால் பயனில்லை.

கை களைப்பதையும் கவனியுங்கள். பெருவிரலால் மட்டும் எழுதிப் பழகின பிள்ளைக்குப் பேனை பிடித்து அரை மணித்தியாலம் தொடர்ந்து எழுதக் கை நோகும். நோகத் தொடங்கியதும் எழுத்து உருக்குலையும், விசிறி எங்கே குற்று எங்கே என்று தெரியாது, வசனமும் சுருங்கும். முதல் இரண்டு கிழமையும் 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதட்டும், அடுத்த இரண்டில் 15, பிறகு 20, கடைசியில் 30. அழிப்பான் வேண்டாம். பிழை வந்தால் ஒரு கோடு வெட்டிவிட்டு மேலே போகட்டும். பேனையை இறுக்கிப் பிடிக்கிறாளா என்றும் பாருங்கள். விரல் நுனி வெளுத்தால் இறுக்கம் கூட.

எழுதத் தலைப்பு வேண்டுமென்றால் நூலகம் இணையத்தளத்தில் பழைய பாடசாலை மலர்களும் சஞ்சிகைகளும் வருடவாரியாகக் கிடக்கின்றன, இலவசம். பழைய மாணவர் கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டு அதே தலைப்பில் எழுதச் சொல்லலாம்.

இணுவில்_அம்மா

குழுவைப் பார்த்தன். குரலும் படமுந்தான் கூட, எழுத்து மிச்சம் குறைவு. பார்த்து எழுதிறதையும் சேர்க்கிறன். விசைப்பலகைத் தம்பிக்கு ஒரு கேள்வி. போனில தமிழ் எழுத்தில அடிக்கேக்க ஒற்று விடுபடுறது கூடவா இருக்கு. "வீட்டுக்கு போனேன்" எண்டுதான் வருது. பயிற்சிக்குப் பிறகு கொப்பியில சரியா எழுதுறவ போனில ஏன் பிழை விடுறா?

விசைப்பலகை

அக்கா, பரிந்துரைப் பட்டி இன்னும் நிற்கவில்லைப் போலிருக்கு. பட்டியில் வருகிற சொல் அகராதிச் சொல்: "வீட்டுக்கு". அதைத் தட்டினதும் போன் தானாக ஒரு இடைவெளி போட்டுவிடும். ப் போட வேண்டுமென்றால் அந்த இடைவெளியை அழித்து, பகரம் அடித்து, குற்றும் வைத்து, திரும்ப இடைவெளி விட வேண்டும். நான்கு தட்டு. ஆரும் செய்யமாட்டார்கள். அடுத்த சொல் க, ச, த, ப எதில் தொடங்கும் என்று போனுக்கு அந்த நேரம் தெரியாது, அதனால் அது தானாகவும் போடாது.

டெக்ஸ்ட் கரெக்ஷனுக்குள் பட்டிக்கு ஒன்றும் தானாகத் திருத்துவதற்கு ஒன்றும் என இரண்டு பொத்தான் தனித்தனியாக இருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது, இரண்டையும் நிறுத்துங்கள். தானாக இடைவெளி விடுகிற பொத்தான் தெரிந்தால் அதையும். பிறகு அதே வசனத்தை முழுக்க அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்று அப்போதும் விடுபட்டால் அது போனின் வேலையல்ல, ஐயா சொன்ன இரண்டாம் கிழமைப் பயிற்சியை இன்னொரு கிழமை நீட்ட வேண்டும்.